மூச்சம்மாவும் மூட்டையும்

எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவருக்கு. சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒரே பெரிய ஆஸ்பத்திரி, ஒரே அறை. இயந்திரங்கள்தான் மாறிக்கொண்டே வந்தன. "தாடையைத் தூக்கி மேல வைங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... விட்டுடாதீங்க... ம், விடுங்க!" என்று அதட்டலும் கொஞ்சலுமாக அவர் சொல்வது வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும். அவர்களில் பாதிப் பேர் தங்கள் முறை வருவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் மூச்சம்மா என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர்கூட "மூச்சம்மா வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

"இத்தனை வருஷமாப் படம் எடுக்கிறேன். ஒருத்தராவது பார்த்துட்டு, 'அட, அழகா விழுந்திருக்கேனே'ன்னு சொன்னதுண்டா?" என்று மூச்சம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

கணவர் இறந்தபோது மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள். அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துகொடுத்து, விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு மறுநாளே வேலைக்குப் போனவர் மூச்சம்மா. ஓய்வு பெற்ற பிறகுதான் வெளிநாட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வர நேரம் வாய்த்தது.

அந்த வீட்டின் கதவு திறந்ததும் முதலில் வரவேற்றது மகளும் இல்லை, மருமகனும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு நாய் பாய்ந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி மூச்சம்மாவின் வயிற்றில் வைத்தது. பயணத்துக்கென்று கட்டியிருந்த புடவை. இரண்டு பாதத் தடங்களும் முத்திரை குத்தியது போலப் பதிந்துவிட்டன.

"மூட்டை! கீழ இறங்கு! அம்மா, பயப்படாத. அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

"பயமெல்லாம் இல்ல. நாய்க்கு மூட்டைன்னா பேரு வெச்சிருக்கீங்க?"

"வந்த புதுசுல துவைக்கப் போட்ட துணிக்குள்ளயே சுருண்டு படுத்திருப்பான். துணி எது, இவன் எதுன்னே தெரியாது. அதான்."

"அதுக்கு ஒரு பேரு, அந்தப் பேருக்கு ஒரு கதை" என்றார் மூச்சம்மா, புடவையைத் தட்டிக்கொண்டே.

மகள் வாய்க்கு வாய் 'அவன்' என்றாள். மூச்சம்மா விடாமல் 'அது' என்றார். "அவன் சாப்பிட்டானாம்மா?" என்று மகள் அலுவலகத்திலிருந்து கேட்பாள். "அது சாப்பிட்டுச்சு" என்று இவர் பதில் சொல்வார். அதற்கென்று தனிப் படுக்கை, மழைக்குத் தனிச் சட்டை, பல் தேய்க்கத் தனிப் பசை. போன வருஷம் அது வீட்டுக்கு வந்த நாளைப் பிறந்த நாள் மாதிரிக் கொண்டாடி, அதன் தலையில் காகிதத் தொப்பி மாட்டிப் படம் அனுப்பியிருந்தாள் மகள். மூச்சம்மா அதற்குப் பதில் எதுவும் அனுப்பவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வந்திருக்க வேண்டிய படம் வேறு என்று மனசுக்குள் பட்டது. அதை வெளியே சொல்லாமல் இருந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டார்.

பகலில் வீட்டில் அவரும் மூட்டையும்தான். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. ஒரு நாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, போர்வைகளுக்குப் பின்னால் கறுப்புப் பை ஒன்று அகப்பட்டது. உள்ளே பெரிய கேமரா. அதனுடன் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ்.

சாயங்காலம் மருமகன் அதைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"ஒரு ஆசையில வாங்கினது, அத்தை. நாலு வாரம் எடுத்தேன். அப்புறம்... அப்படியே உள்ள போயிடுச்சு."

"இவரோட ஆசை எல்லாமே நாலு வாரம்தாம்மா" என்றாள் மகள் சமையலறையிலிருந்து.

"அப்ப உன்னை மட்டும் எப்படி இத்தனை வருஷம் வெச்சிருக்கார்?" என்று மூச்சம்மா கேட்டதும் மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாமியாரும் மருமகனும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி இருவருக்கும் இடையே பேச்சு போனதில்லை.

அவன் கேமராவைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். வெளிச்சம் குறைந்தால் கேமராவின் கண் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும், எதிரில் இருப்பது அசைந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் மூச்சம்மாவுக்கு வாழ்நாள் முழுவதும் பார்த்த வேலைதான். பித்தான்கள்தான் புதிது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதா போட்டுக்கொள்வதா என்று பழகச் சில நாட்கள் பிடித்தன.

வீட்டுக்குப் பின்னால் சின்னப் புல்வெளி. அதன் வேலி மேல் அணில் வரும். குப்பைத் தொட்டியை மோப்பம் பிடிக்க மாலையில் ஒரு நரி வரும். கொஞ்ச தூரம் நடந்தால் ஓடைக்கரையில் முயல்கள். மூச்சம்மா காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, லென்ஸைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலில் எடுத்த முயல்களுக்கெல்லாம் பின்பக்கம்தான் இருந்தது. பிறகு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்த அந்தப் படத்தை இரவுச் சாப்பாட்டின்போது இருவருக்கும் காட்டினார்.

"அத்தை, இது பிரமாதம்!" என்றான் மருமகன்.

"நல்லாத்தான் நின்னுச்சு. மூச்சுக்கூட விடலை" என்றார் மூச்சம்மா, பெருமையை அடக்கிக்கொண்டு.

நாய்ப் படம் எடுக்க ஆரம்பித்தது தற்செயல்தான். பூங்காவில் ஒரு பெண்மணி இரண்டு குட்டை நாய்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். லென்ஸைப் பார்த்துவிட்டு, நாய்களையும் கேமராவையும் மாற்றி மாற்றிக் காட்டி, கையைக் குவித்து ஏதோ கேட்டாள். அவள் பாஷை இவருக்குத் தெரியாது. ஆனால் ஆசை புரிந்தது. நாய்கள் இரண்டும் பம்பரமாகச் சுற்றின. மூச்சம்மா இடுப்பில் ஒரு கையை வைத்து, ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தார்.

"ஏய், ரெண்டு பேரும் ஆடாம நில்லுங்க. தாடையைத் தூக்கு. ம்... மூச்சைப் பிடி... அப்படியே... அப்படியே..."

என்ன புரிந்ததோ, இரண்டும் காதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சிலையாக நின்றன. அந்தப் பெண்மணி கைதட்டிவிட்டாள். மருமகன் படத்தைத் தாளில் எடுத்துக்கொடுக்க, மூச்சம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வாரத்துக்குள் பூங்காவில் அவரைத் தெரியாத நாய் இல்லை. குதிரை உயரத்தில் ஒன்று, துடைப்பம் மாதிரி ஒன்று, மூன்று காலில் நடக்கும் கிழ நாய் ஒன்று. எல்லாம் தமிழில் அதட்டினால் அடங்கின. முகம் எப்படிச் சிரிக்கும், கண் எப்படிக் கெஞ்சும் என்று பார்க்கப் பார்க்க மூச்சம்மாவுக்கு ஆச்சரியம் தீரவில்லை. எலும்பையே பார்த்துப் பழகிய கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் படங்களையெல்லாம் கணினியில் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற நாயையெல்லாம் எடுத்திருக்க. நம்ம மூட்டையை ஒரு படம் எடுத்தியாம்மா?"

"அது எங்க ஒரு இடத்துல நிக்குது?"

"நிக்கலைன்னா எடுக்க முடியாதா? முயல் நிக்கிற வரைக்கும் காத்திருந்தல்ல?"

எடுத்திருக்கலாம்தான். சோபாவுக்கு அடியில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அது தூங்கும்போது ஒருமுறை கேமராவைத் தூக்கவும் தூக்கினார். ஆனால் பேரப்பிள்ளை தவழ வேண்டிய தரையில் இது படுத்திருக்கிறதே என்று தோன்றியதும் கை இறங்கிவிட்டது. அதைப் படம் எடுத்தால், இனி இந்த வீட்டில் அதுதான் என்று தானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றிருந்தது.

மகள் கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்று முழுவதும் அவள் முகம் சரியாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் மருமகன் மூச்சம்மாவை ஒரு ஏரிக்குக் காரில் கூட்டிப்போனான். கரையில் பலகையால் கட்டிய சின்ன அறை இருந்தது. பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்ப்பதற்காகக் கட்டியது. கண் மட்டத்தில் நீளமாக ஒரு திறப்பு, உள்ளே ஒரு பெஞ்சு, சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வாய்மேல் விரல் வைத்த ஒரு படம். அன்று அவர்களைத் தவிர யாரும் இல்லை. நீரில் பனி மிதந்தது. வாத்துகள் தூக்கக் கலக்கத்தில் முனகின. எங்கேயோ நாணலுக்குள் ஒரு சாம்பல் நாரை இருக்கிறது, வெளியே வரும் என்று மருமகன் காதோரம் சொன்னான்.

காத்திருந்தார்கள். நாரை வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, மூச்சம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க, அத்தை."

"அந்த நாய்க்கு அவ செய்றதைப் பார்க்கிறேன். குளிப்பாட்டுறா, சட்டை போட்டு விடுறா. இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடாதான்னு என் மனசு அடிச்சுக்குது. ஏதாவது... பார்க்க வேண்டியது இருந்தா, நல்ல டாக்டர் எனக்குத் தெரியும்."

மருமகன் லென்ஸ் மூடியைத் திருகித் திறந்தான், மறுபடி மூடினான்.

"வந்துச்சு, அத்தை. ரெண்டு வருஷம் முன்னாடி. அஞ்சாம் மாசம்."

மூச்சம்மாவுக்கு முதலில் எது வந்தது என்று புரியவில்லை. புரிந்ததும் அவர் கை பெஞ்சின் விளிம்பைத் தேடிப் பிடித்தது.

"ஸ்கேன் பார்த்துட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம். அந்த ஸ்கேன்லதான் துடிப்பு இல்லன்னாங்க. அப்புறம் என்னன்னு சொல்றது? உங்களால உடனே கிளம்பியும் வர முடியாது. அங்க தனியா உட்கார்ந்து அழுவீங்க. வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டா."

"என்ன குழந்தை?"

"பொண்ணு."

வாத்து ஒன்று தண்ணீரைச் சிலுப்பிவிட்டுப் போனது. மருமகன் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு சொன்னான். மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கையை விட்டு எழவே இல்லை. பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. யாரோ சொன்னார்கள் என்று நாய்கள் காப்பகத்துக்குப் போனவன், யாரும் எடுத்துப்போகாத, கால் உடைந்து கூடிய ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது துணிக் குவியலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மறுநாள் காலையில நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். அது அவ கட்டில் கிட்ட போய் நின்னு அழுதிருக்கு. இவ எழுந்து கதவைத் திறந்து விட்டுட்டு, அது வர்ற வரைக்கும் வெளிய நின்னிருக்கா. நான் வந்து பார்த்தா வாசல்ல வெயில்ல நிக்கிறா. அவளை எழுப்பினது நான் இல்ல, அத்தை. டாக்டரும் இல்ல. அந்த மூட்டைக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, அவ்வளவுதான்."

சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

திரும்பும் வழியில் மூச்சம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடு நெருங்கும் சமயத்தில் கேட்டார்.

"அந்த நாள்ல நீங்க என்ன சாப்பிட்டீங்க, மாப்பிள்ளை?"

"என்ன, அத்தை?"

"அவளை நீங்க பார்த்துக்கிட்டீங்க. உங்களை யாரு பார்த்துக்கிட்டா?"

மருமகன் காரை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. கைநீட்டி அவன் முதுகைத் தொடுவது முறைதானா என்று மூச்சம்மா யோசித்தது ஒரு கணம்தான். பிறகு தடவிக்கொடுத்தார். பின்னால் வந்த கார்கள் விலகிப் போயின.

மகளிடம் எதையும் கேட்பதில்லை என்று மூச்சம்மா முடிவு செய்துகொண்டார். கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று பட்டது. ஆனால் படம் எடுக்கலாம். திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போனதும், கேமராவை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"மூட்டை, இங்க வா. உட்காரு. தாடையைத் தூக்கு."

மூட்டை வாலை ஆட்டியது, உட்காரவில்லை. பூங்காவில் அத்தனை நாய்களையும் நிறுத்திய குரல் இதனிடம் எடுபடவில்லை. வீட்டு மனுஷி பேச்சை எந்த வீட்டில் கேட்டார்கள்? லென்ஸை நக்கியது. கேமராவின் கழுத்துப் பட்டையைக் கடித்து இழுத்தது. பின்னால் தள்ளிப் போனால் கூடவே வந்தது. நான்கு நாட்கள் இதே கூத்து. எடுத்த படங்களில் மூக்கு ஒன்று, வால் ஒன்று, பழுப்பாக ஒரு கலங்கல்.

ஐந்தாம் நாள் மூச்சம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நின்றால்தானே மேலே ஏறி வருகிறது? முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். மூட்டைக்கு அது புதிதாக இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, எதிரில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ஜன்னல் வெயில் அதன் ஒரு காதில் விழுந்து உள்ளே ரோஜா நிறமாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து உள்ளே வந்தாள். தரையில் அம்மா குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு அலறினாள்.

"அம்மா! ஐயோ, விழுந்துட்டியா?"

"கத்தாதடீ! இப்பதான் உட்கார்ந்தான்!"

மகள் அப்படியே நின்றுவிட்டாள். கேமரா நாலைந்து முறை சத்தம் எழுப்பியது. மூட்டை எழுந்து மகளிடம் ஓடியது.

"என்ன சொன்ன?" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"உட்கார்ந்தான்னு சொன்ன."

மூச்சம்மா எழுந்திருக்கப் பார்த்தார்; முடியவில்லை. மகள் வந்து கை கொடுத்துத் தூக்கி, அடுப்பு மேடை ஓரமாகச் சாய்த்து உட்கார வைத்தாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவர் சொல்லிட்டார், இல்ல?"

"அவர் மேல கோவப்படாத. நான்தான் வாயைக் கிளறினேன்."

மகள் மூட்டையின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்ப நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது நீ ஃபோன் பண்ணினம்மா. ஏதாவது விசேஷமான்னு கேட்ட. ஒண்ணுமில்லம்மான்னேன். காலாகாலத்துல பார்க்கணும்டீன்னு நீ ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்த. நானும் சரிம்மா, சரிம்மான்னேன்."

மூச்சம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எக்ஸ்ரேக்கு வர்ற பொண்ணுங்ககிட்ட, நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டுட்டுத்தான் எடுக்கணும். கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, அவ காதுல மட்டும்தான் கேப்பேன். கேட்டுட்டு மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், சுவத்தைப் பார்த்துக்குவேன். அவ சொல்றதுக்குக் கஷ்டப்படக்கூடாதுன்னு. முன்னப்பின்ன தெரியாத பொண்ணுங்களுக்கெல்லாம் அவ்வளவு பார்த்தேன். பெத்த பொண்ணுகிட்ட ஊருக்கே கேக்குற மாதிரி ஃபோன்ல கேட்டிருக்கேன், பாரு."

"உனக்குத் தெரியாதேம்மா."

"தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

மகள் அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். இரண்டு வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ, அவ்வளவு அழுகையும் வந்தது. மூச்சம்மா அவள் கூந்தலைக் கோதிக்கொண்டே இருந்தார். மூட்டைக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்து, இடம் பண்ணிக்கொண்டு, மகளின் கன்னத்தையும் மூச்சம்மாவின் கையையும் மாறி மாறி நக்கியது.

"தள்ளுடா அந்தப் பக்கம். என் பொண்ணு இவ" என்றார் மூச்சம்மா.

அழுகைக்கு நடுவே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகன் வந்து பார்த்தபோது அடுப்பு பற்ற வைக்கவில்லை, விளக்குப் போடவில்லை, மூவரும் தரையில் கிடந்தார்கள். காலணியைக் கழற்றிவிட்டு அவனும் வந்து தரையில் உட்கார்ந்தான். அன்று இரவு ரொட்டியும் முட்டையும்தான் சாப்பாடு.

அந்த வெயில் பட்ட காதுப் படத்தைப் பெரிதாக எடுத்து மகள் கூடத்தில் மாட்டினாள். மூட்டை வந்த நாளும் வந்தது. தொப்பி வேண்டாம், அவனுக்கு அது பிடிக்கவில்லை, பழைய படத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று மூச்சம்மா சொல்லிவிட்டார். அன்று மகள் அந்தப் பெண் குழந்தையைப் பற்றி நிறையப் பேசினாள். வயிற்றுக்குள் அது எப்போது அசையும், எந்தப் பாட்டுக்கு உதைக்கும் என்பதெல்லாம். மூச்சம்மா ஒவ்வொன்றையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லோருமாக ஏரிக்குப் போனார்கள். அந்தப் பலகை அறைக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. மகள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையில் நடந்தாள். உள்ளே மூச்சம்மாவும் மருமகனும். கூடவே கழுத்தில் தொலைநோக்கி மாட்டிய இரண்டு பெரியவர்கள், இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு நாணல் விலகியது. சாம்பல் நாரை ஒரு காலைத் தூக்கி, யோசித்து, வெளியே எடுத்து வைத்தது. மருமகன் மூச்சம்மாவின் முழங்கையைத் தொட்டான். அவர் லென்ஸை மெல்ல உயர்த்தினார்.

அப்போது எதிர்க்கரையில் கயிறு மகளின் கையைவிட்டு நழுவியது. மூட்டை தண்ணீருக்குள் பாய்ந்தான்.

ஏரி முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்தது. வாத்துகள், பெயர் தெரியாத சின்னப் பறவைகள், எல்லாவற்றுக்கும் மேலே இறக்கையை விரித்த நாரை. கீழே பழுப்புத் தலை ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கரையில் மகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள்.

"போச்சு, அத்தை! காலையிலேர்ந்து காத்திருந்ததெல்லாம் போச்சு!" என்று முனகினான் மருமகன்.

மூச்சம்மா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. விரல் அழுத்தியது அழுத்தியபடி இருந்தது. நாரையையும் எடுத்தார், வாத்துகளையும் எடுத்தார், மகளை அதிகமாகவே எடுத்தார்.

"நீந்துடா மூட்டை! அப்படித்தான்! நீந்து!" என்று அந்த அமைதியான அறைக்குள் வாய்விட்டுக் கூவினார்.

தொலைநோக்கிக்காரர்கள் இருவரும் திரும்பி அவரை முறைத்தார்கள்.